தலையணைக்குள் ஓட்டு

பவுடரக்காவிடம் ஒரு குணம் உண்டு. மறக்க மாட்டாள். நல்லது செய்தவரையும் மறக்க மாட்டாள், கெடுதல் செய்தவரை அதைவிடவும் மறக்க மாட்டாள். மன்னிப்பது பெரிய மனசு என்று யாராவது அவளுக்குப் புத்தி சொன்னால், "எனக்குச் சின்ன மனசுதாங்க, விடுங்க" என்பாள். அந்தச் சின்ன மனசை வைத்துக்கொண்டு அவள் எவ்வளவு பெரிய மனிதர்களை நாற்காலியில் உட்கார வைத்தாள் என்பது எனக்குத்தான் தெரியும். நான் பக்கத்திலேயே இருந்தேன்.

நாங்கள் இருவரும் ஒரு செய்தி சேனலில் வேலை பார்த்தோம். திரையில் தோன்றுகிறவர்களின் முகம் அவள் பொறுப்பு, அவர்கள் போடுகிற கோட்டு என் பொறுப்பு. அவளுடைய மேக்கப் அறைக்கும் என் இஸ்திரி மேசைக்கும் நடுவில் ஒட்டுப்பலகைத் தடுப்பு ஒன்று நின்றது. அது கூரை வரைக்கும் போகாது. அந்தப் பக்கம் யாராவது பெருமூச்சு விட்டால் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். சேனல் எந்தக் கட்சியுடையது என்பது கடைக்குப் பால் வாங்கப் போகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். "நடுநிலை" என்று பெரிதாக எழுதி வரவேற்பறையில் மாட்டியிருந்தார்கள். அதில் தூசி தட்டக்கூட ஆள் கிடையாது.

மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்ததும் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். மூடித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் பவுடர் கண்ணில் விழும். ஆனால் கண்ணை மூடியதும் எதிரில் ஆளே இல்லை என்கிற நினைப்பு வந்துவிடும் போலிருக்கிறது. போனில் சண்டை போடுவார்கள், கூட்டணி பேசுவார்கள், மனைவியைத் திட்டுவார்கள். அக்காவின் கை அவர்கள் முகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் கைக்கு மேலே ஒரு முகமும் அந்த முகத்தில் இரண்டு காதும் இருப்பது அவர்களுக்குத் தோன்றாது. வருடக்கணக்கில் அவளிடம் முகத்தைக் கொடுத்தவர்கள், வெளியே படிக்கட்டில் அவளைப் பார்த்தால் யாரோ என்று ஒதுங்கிப் போவார்கள்.

அக்காவுக்கென்று இருந்த ஒரே சொந்தம் அவள் தம்பி. ஆரம்பப் பள்ளி வாத்தியார். பஸ்ஸில் இவன் காலை யாராவது மிதித்தால் மிதித்தவரிடம் இவனே மன்னிப்புக் கேட்பான், அந்த ரகம். அந்த வருடத் தேர்தலில் அவனை வாக்குச்சாவடி வேலைக்குப் போட்டார்கள். முதல் நாள் சாயங்காலமே போய், அந்தப் பள்ளிக்கூடத்திலேயே பெஞ்சைச் சேர்த்துப் போட்டுப் படுக்க வேண்டும். நம் ஆளுக்குத் தன் தலையணை இல்லாவிட்டால் தூக்கம் வராது. அக்காதான் தலையணையைச் சுருட்டி ஒரு துணிப்பைக்குள் அடைத்துக் கொடுத்து அனுப்பினாள். சாவடியில் இருந்த கட்சி ஏஜென்ட்டுகள் அதைப் பார்த்து அவனைக் கேலி பண்ணியிருக்கிறார்கள். ஒரு ஏஜென்ட் அதை வாங்கித் தன் தலைக்கு வைத்துக்கூடப் பார்த்திருக்கிறார்.

மறுநாள் ஓட்டுப்பதிவு முடிந்தது. பெட்டிக்கெல்லாம் சீல் வைத்து, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, போலீஸ் காவலோடு வண்டி கிளம்பிவிட்டது. முன்வாசலில் இரண்டு கட்சிக்காரர்களும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். கூட்டம் என்றாலே பயப்படுகிறவன், பையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே வந்து ஸ்கூட்டரை எடுத்தான். எதிர்மாடியில் இருந்து எவனோ அதைப் போனில் படம் பிடித்துவிட்டான்.

எண்ணிக்கையில் எங்கள் சேனல் கட்சியின் வேட்பாளர் கொஞ்ச ஓட்டில் தோற்றார். அன்று மாலை எட்டு மணிச் செய்தியில் அந்தப் படம் வந்தது. புடைத்த பையைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். கீழே, "இந்தப் பைக்குள் என்ன?" செய்தி வாசித்தவர், கோட்டுக்காரர் என்று நாங்கள் பேர் வைத்திருந்த ஆள். நான் இஸ்திரி போட்ட நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாத பச்சைக் குழந்தை மாதிரி அவர் அந்தக் கேள்வியைக் கேட்க, எதிரே உட்கார்ந்திருந்த வேட்பாளர் குரல் தழுதழுக்கப் பதில் சொன்னார். "என் ஜனங்க போட்ட ஓட்டு, அந்தப் பைக்குள்ள பின்வாசல் வழியா போயிருக்கு." கேள்வி இவருடையது, பதில் அவருடையது. இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். மாட்டிக்கொண்டது எங்கள் வாத்தியார்.

மறுநாள் கோட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்ததும் அக்கா சொன்னாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சார், அந்தப் பையில இருந்தது தலையணை. நான்தான் வெச்சுக் குடுத்தேன். அவன் என் கூடப் பொறந்த தம்பி சார்."

கோட்டுக்காரர் கண்ணைத் திறக்கவில்லை. "அப்படியா? பாக்கலாம்மா. மூக்குல கொஞ்சம் எண்ணெய் வழியுது பாருங்க."

பார்த்தார். அன்று சிவப்பு வட்டம் இன்னும் பெரிதாக வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. வாத்தியாரின் முகம், அவன் வீட்டு வாசல், ஸ்கூட்டர் நம்பர் எல்லாம் வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "பெட்டித் திருடன்" என்று அவன் வீட்டுச் சுவரில் எழுதினார்கள். ஒரு நாள் கூட்டமாக வந்து கத்தினார்கள். என்னவென்று கேட்க வாசலுக்கு வந்தவன்மேல் கல் விழுந்தது. இடது கண். டாக்டர்கள் எவ்வளவோ முயற்சி செய்தார்கள், அந்தக் கண் போனது போனதுதான்.

கல் எறிந்தவன் பிடிபட்டான். சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். ஸ்டேஷனில் அக்காவைப் பார்த்ததும் அழுதானாம். டிவில பாத்தேன், நெஜம்னு நம்பிட்டேன் என்றானாம். அக்கா அவனைத் திட்டக்கூட இல்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன். அவனுக்குச் சட்டம் என்ன கொடுக்குமோ கொடுக்கட்டும், எனக்கு வேண்டியவன் இவன் இல்லை என்று வந்துவிட்டாள். தேர்தல் அதிகாரிகள் விசாரித்து, வாத்தியார்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று அறிவித்தார்கள். எங்கள் சேனலில் அன்றைக்கு அந்தச் செய்திக்கு இடமில்லை. ஒரு நடிகையின் நாய்க்குட்டி காணாமல் போயிருந்தது.

இதற்குப் பிறகும் அக்கா வேலைக்கு வந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. உனக்குச் சூடு சொரணை இருக்கா, அந்த மூஞ்சிக்குப் போய் எப்படிப் பவுடர் போடுறே என்று வாய்க்கு வந்தபடி கேட்டுவிட்டேன். அவள் பஞ்சைத் தட்டிக்கொண்டே, "எதிரி வீட்டுக்குள்ள நமக்கு ஒரு காது இருக்கட்டும்" என்றாள். அப்போதுதான் எனக்கு அவளைப் பார்த்துக் கொஞ்சம் பயம் வந்தது.

அந்தக் காதுக்கு வேலை சீக்கிரமே வந்தது. வாத்தியார் கண் போனதைப் பற்றி ஒரு விவாதம் வைத்தார்கள். வன்முறையைக் கண்டிக்கிறேன் என்று சொல்ல வேட்பாளர் வந்தார். அவருடன் எப்போதும் ஒரு வீடியோக்காரர் வருவார். தலைவர் காரில் இறங்குவது, தண்ணீர் குடிப்பது, மேக்கப் போடுவது எல்லாவற்றையும் எடுத்து, பாட்டுப் போட்டுத் தலைவரின் இணையப் பக்கத்தில் ஏற்ற வேண்டும். தேர்தல் இல்லாத காலத்தில் அவர் கல்யாண வீடியோ எடுக்கிறவர். தொப்பையும் கேமராவுமாக மூலையில் நின்றுகொண்டார். வேட்பாளர் சாய்ந்து கண்ணை மூடினார். பக்கத்து நாற்காலியில் கோட்டுக்காரர், முகத்தில் பூச்சு காயக் கண்ணை மூடிக் கிடந்தார்.

கோட்டுக்காரருக்கு லேசாக ஒரு பயம் இருந்திருக்கிறது. பவுடர் போடுகிறவள் யாருடைய அக்கா என்பதுதான் அவர் நினைவில் இல்லை. கண் விவகாரம் கோர்ட்டுக்குப் போனால் சிக்கல் வருமா, அந்தப் பையில் நிஜமாகவே என்னதான் இருந்தது என்று கேட்டார். வேட்பாளர் சிரித்தார்.

"தலையணைதான். படம் எடுத்த அன்னைக்கே நம்ம ஏஜென்ட் போன் பண்ணிச் சொல்லிட்டானே. தலைக்கு வெச்சுக்கூடப் பாத்தானாம், நல்லா மெத்துனு இருந்துச்சாம்."

"அப்புறம் ஏன் சார் ஓட்டுனு சொன்னீங்க?"

"தோத்தவன் ஏதாச்சும் சொல்லணும்ல? தலையணைனு சொன்னா எவன் பாப்பான்? உங்களுக்கும்தான் ஒரு வாரம் ஓடுச்சு."

தடுப்புக்கு இந்தப் பக்கம் என் கையில் இஸ்திரிப் பெட்டி. எடுக்க மறந்துவிட்டேன். கோட்டுக்காரரின் சாம்பல் கோட்டில் முதுகுப் பக்கம் முக்கோணமாகக் கருகி வாடை வந்த பிறகுதான் சுயநினைவு வந்தது. அந்தப் பக்கம் அக்கா புருவம் திருத்துகிற இடுக்கியை வேட்பாளரின் இடது கண்ணுக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதைப் பிறகு அவளே சொன்னாள். ஒரு அழுத்து போதும், யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன் என்றாள். நானாக இருந்தால் அழுத்தியிருப்பேன்.

"கண்ணுக்குக் கண்ணு எடுத்தா அவன் தியாகி ஆயிடுவான்" என்றாள் அக்கா. "எனக்கு அவன் கண்ணு வேண்டாம். அவன் வாய்தான் வேணும்."

மூக்கில் கடைசியாக ஒரு ஒற்று ஒற்றி, கழுத்துத் தாளை உருவி, "ஆச்சு சார்" என்று அனுப்பிவைத்தாள். அன்றைக்குப் போல அவர் முகம் என்றைக்கும் பளிச்சென்று இருந்ததில்லை.

அக்கா ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தாள். அவர் சேனலுக்கும் வேட்பாளருக்கும் நோட்டீஸ் அனுப்பிய மறுநாளே எங்கள் இருவருக்கும் வேலை போனது. தடுப்புக்கு இந்தப் பக்கம் கேட்டவள் என்று நானும் சாட்சி ஆகிவிட்டேனே. போகட்டும், கோட்டு இஸ்திரி போட உலகத்தில் வேறு முதுகே இல்லையா என்ன. வீட்டுக்குள் வாத்தியார் ஒரு அறையை விட்டு இன்னொரு அறைக்குக்கூட வராமல் கிடந்தான். பள்ளிக்கூடத்தில் திரும்பச் சேரச் சொல்லிக் கடிதம் வந்தும் போகவில்லை. ஜன்னலைத் திறந்தால் எழுந்துபோய் மூடுவான். அக்கா அவனைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகத்தில் ஒன்றுதான் எழுதியிருக்கும். எந்த வாய் அவனைத் திருடன் என்று சொன்னதோ, அதே வாய் அதே இடத்தில் உட்கார்ந்து, இல்லை என்று சொல்ல வேண்டும். அதற்குக் குறைந்து எதையும் அவள் கேட்கவில்லை, எதற்கும் இறங்கவும் இல்லை.

கோர்ட்டில் அவர்கள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். கோட்டுக்காரர், தலையணை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நாங்கள் கேள்விதான் கேட்டோம், கேள்வி கேட்பது பத்திரிகை தர்மம் என்றார். வேட்பாளர் ஒருபடி மேலே போனார். இந்தப் பெண்மணியை நான் பார்த்ததே இல்லை, எனக்கு வீட்டிலேயே மேக்கப் போட்டுவிடுவார்கள், சேனலில் அந்த அறைக்குள் நான் கால் வைத்ததே கிடையாது என்று சத்தியம் பண்ணிச் சொன்னார். வருகிற தேதிக்கெல்லாம் வாய்தா கேட்டார்கள். வேட்பாளருக்கு வயிற்று வலி, கோட்டுக்காரருக்கு வெளிநாட்டுப் பயணம், அவர்கள் வக்கீலின் மாமனார் இரண்டு முறை செத்தார். இழுத்தால் ஊர் மறந்துவிடும் என்பது கணக்கு. ஊர் மறந்துதான் போனது. அக்கா மறப்பாளா?

அந்தச் சத்தியத்தைக் கேட்டுவிட்டு வெளியே வந்த அக்கா, கோர்ட்டு மரத்தடியில் நின்று என் கையைப் பிடித்தாள். மூலையில் நின்ற தொப்பைக்காரரை எனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். இருவரும் வேட்பாளரின் இணையப் பக்கத்தைத் தோண்டினோம். கிடைத்தது. "மக்கள் தலைவருடன் ஒரு நாள்" என்று பெயர். உற்சாகமான பாட்டு. பாட்டுக்கு நடுவில் மேக்கப் அறை வந்தது, கண்ணை மூடிய தலைவர் வந்தார், கண்ணாடியில் பஞ்சும் கையுமாக அக்காவின் முகம் வந்தது. தலைவரின் உதடுகள் அசைந்தன. பாட்டில் ஒன்றும் கேட்கவில்லை.

வக்கீலம்மா அதைக் கோர்ட்டில் போட்டுக் காட்டியபோது வேட்பாளர் முகத்தில் ஈயாடவில்லை. கால் வைக்காத அறைக்குள் தலை எப்படிப் போனது என்று வக்கீலம்மா கேட்டார். பாட்டு இல்லாத மூலப்படத்தைக் கொண்டுவா என்று நீதிபதி வீடியோக்காரரைக் கூப்பிட்டார். எங்களுக்கு நம்பிக்கையே இல்லை. அதை அழித்துவிடு என்று வேட்பாளர் அவரிடம் எப்போதோ சொல்லியிருப்பார். சொல்லியும் இருந்தார். ஆனால் ஒரு விஷயம் வேட்பாளருக்குத் தெரியாது. வீடியோக்காரர் தொழிலுக்கு வந்த புதிதில், இடம் போதவில்லை என்று ஒரு கல்யாணத்தின் பாதிப் படத்தை அழித்துவிட்டார். பெண்ணின் சித்தப்பாமார்கள் வீடு தேடி வந்து உதைத்தார்கள். அன்றிலிருந்து அவர் எதையும் அழிப்பதில்லை. அழி என்று யார் சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு அலமாரியில் வைத்துப் பூட்டுவார். அவர் தொழிலில் பலரும் அப்படித்தானாம். கூண்டில் நின்று அவர் நெளிந்துகொண்டே சொன்னார்.

"அழிச்சிட்டேன்னுதாங்க தலைவர்கிட்ட சொன்னேன். மனசு வரலைங்க. நாளைக்கு அவரே கேட்டா எங்க போறது?"

பாட்டு இல்லாமல் ஓடியது. நல்லா மெத்துனு இருந்துச்சாம் என்கிற சிரிப்பு கோர்ட்டின் நாலு சுவரிலும் பட்டு வந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்று சின்ன வயதில் படித்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. அக்கா சிரிக்கவில்லை. வேட்பாளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மனிதர் முதல்முறையாக அவளைக் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு பார்த்தார்.

அடுத்த வாரம் கோட்டுக்காரர் வீடு தேடி வந்தார். கோட்டு இல்லாமல் பார்த்தால் மனிதர் பாதி ஆள்தான். வாத்தியாரைச் சேனல் செலவில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம், வருத்தம் தெரிவித்துத் திரையின் அடியில் ஒரு வரி ஓடவிடுகிறோம், வழக்கை விட்டுவிடுங்கள் என்றார். அக்கா அவரை உட்காரச் சொல்லவில்லை.

"பொய்யை மட்டும் வாய் நிறைய சொன்னீங்க. உண்மையைக் காலடியில ஓட விடுவீங்களோ?"

அவர் ஏதோ சமாதானம் சொல்ல வந்தார். அக்கா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

தீர்ப்பு அவள் கேட்டபடி வந்தது. தண்டம் தனி. அதுபோக, பொய்யை எத்தனை மாலை போட்டார்களோ அத்தனை மாலை, அதே எட்டு மணிக்கு, அதே இடத்தில் வேட்பாளரும் கோட்டுக்காரரும் உட்கார்ந்து, அது பொய், பொய் என்று தெரிந்தே சொன்னோம் என்று கேமராவைப் பார்த்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும். கேள்விக்குறி கூடாது. வழக்குப் போட்டவர்கள் நேரில் இருந்து சரிபார்க்கலாம்.

இதில் கூத்து என்னவென்றால், வாய்தாவாக வாங்கி இழுத்ததில் தீர்ப்பு சரியாக அடுத்த தேர்தல் பிரச்சாரத்துக்கு நடுவில் வந்து விழுந்தது. அவரே மறுபடியும் வேட்பாளர். சுவரெல்லாம் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். தேர்தல் முடிந்து சொல்கிறோம் என்று அவர்கள் வக்கீல் கெஞ்சினார். காலம் கடத்தியது நீங்கள்தானே என்று நீதிபதி கேட்டுவிட்டார். அன்றைக்கு நான் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

முதல் மாலை நானும் அக்காவும் ஸ்டுடியோவுக்குப் போனோம். பழைய காவலாளி எழுந்து நின்று வழிவிட்டார். கேமராக்களுக்குப் பின்னால் இரண்டு நாற்காலி போட்டார்கள். வேட்பாளர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, குனிந்தபடி, மூக்குக்குள்ளேயே முணுமுணுத்து முடித்தார். முன்கூட்டியே பதிவு செய்துகொண்டிருந்தார்கள், ஒளிபரப்புக்கு இன்னும் நேரம் இருந்தது. அக்கா கையைத் தூக்கினாள்.

"சத்தம் போதாது. கேமராவைப் பாருங்க. திரும்பச் சொல்லுங்க."

வேட்பாளர் கோட்டுக்காரரைப் பார்த்தார், கோட்டுக்காரர் மேசையைப் பார்த்தார். திரும்பச் சொன்னார். "தெரிந்தே" என்கிற சொல்லை விழுங்கினார். அக்கா மறுபடியும் கையைத் தூக்கினாள். மூன்றாவது முறை ஒரு சொல் விடாமல் வந்தது. அவர் முகத்தில் பூச்சு வழிந்து கழுத்துப் பட்டையில் சொட்டியது. துடைத்துவிட யாரும் போகவில்லை.

எட்டு மணிக்கு ஊரே பார்த்தது. எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். திரும்பி வரும் வழியில் போன் ரிப்பேர் கடைக்காரர் என்னிடம், பாவம், மிரட்டிச் சொல்ல வைத்துவிட்டார்கள் என்றார். எனக்கு அவர் கடையைக் கொளுத்தலாம் போல வந்தது. அக்கா என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள். நம்புகிறவன் எதையோ நம்பிக்கொண்டு போகட்டும், அவன் வாயில் இருந்து வந்துவிட்டதா இல்லையா, அது போதும் என்றாள்.

வீட்டில் வாத்தியார் டிவியை அணைத்துவிட்டு, விளக்கும் போடாமல் உட்கார்ந்திருந்தான். அக்கா விளக்கைப் போட்டாள். பார்த்தாயா என்று அவள் கேட்கவில்லை. அவன்தான் முதலில் பேசினான்.

"டிவில சரியா தெரியலக்கா. சொல்லும்போது அவனுக்கு வேர்த்துச்சா?"

"வேர்த்துச்சுடா. வழிஞ்சுச்சு."

வாத்தியார் எழுந்துபோய் அலமாரியைத் திறந்து சட்டைகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். வெளியே போகிற சட்டை எதையும் அவன் தொட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

"நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போ. இருக்கிற ஒரு கண்ணால கிட்ட உக்காந்து பாக்கணும்."

மறுநாள் போனான். சட்டையை நான்தான் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். கேமராவுக்குப் பின்னால் போட்டிருந்த நாற்காலியை அவனே தூக்கி, கேமராவை ஒட்டி, வேட்பாளர் பார்க்க வேண்டிய இடத்தில் போட்டுக்கொண்டான். கல் பட்ட கண்ணை மறைத்திருந்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தான். கேமராவைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது கோர்ட்டு உத்தரவு. வேட்பாளர் நிமிர்ந்தார், அவனைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். மிச்சம் இருந்த ஒவ்வொரு மாலையும் வாத்தியார் எங்களுக்கு முன்னால் கிளம்பிப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.